துறைமுக வாயின் ஆழம்: செயற்கைக்கோள் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கேள்வி இது: குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரம் ஆண்டுதோறும் மணலால் அடைபடுகிறது. படகில் எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) வைத்து மாதாமாதம் அளக்கப் பணம் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆழ வரைபடம் போட முடியுமா? போட்டால் எவ்வளவு நம்பலாம்?

போட முடியும். ஆனால் ஆண்டில் சில மாதங்களுக்குத்தான். அதுவும் அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே, தண்ணீர் தெளிந்திருக்கும்போது. மணல் எங்கே சேர்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு நல்ல விடை கிடைக்கும். "இந்த இடத்தில் 2.4 மீட்டர் இருக்கிறது, படகு வரலாம்" என்று சொல்லும் அளவுக்கு விடை கிடைக்காது. வேலையைத் தொடங்கும் முன்பே இந்த வேறுபாட்டை மனதில் போட்டுக்கொண்டால் பாதி ஏமாற்றம் தவிரும்.

படம் ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. சூரிய ஒளி தண்ணீருக்குள் இறங்கி, தரையில் பட்டு, திரும்பி மேலே வருகிறது. போகும் வழியிலும் வரும் வழியிலும் தண்ணீர் அதைக் குடித்துவிடுகிறது. எல்லா நிறத்தையும் ஒரே வேகத்தில் குடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒரு மீட்டருக்குள்ளேயே தீர்ந்துவிடும். சிவப்பு ஐந்து மீட்டர் தாண்டாது. பச்சை அதைவிட ஆழமாகப் போகும். நல்ல தெளிவான கடலில் நீலம் 20 மீட்டருக்கு மேலும் போய்த் திரும்பும். ஆழம் கூடக் கூட பச்சை நீலத்தைவிட வேகமாக மங்குகிறது. அந்த மங்கலின் விகிதத்திலிருந்துதான் ஆழத்தைக் கணக்கிடுகிறோம். ஆகவே தரை தெரியாத இடத்தில் இந்த முறைக்கு வேலையே இல்லை. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். ரேடார் அலை கடல் மேற்பரப்போடு நின்றுவிடும், உள்ளே போகாது.

முதல் சோதனைக்குக் கணினி தேவையில்லை. 30 செ.மீ. விட்டமுள்ள வெள்ளைத் தட்டு ஒன்றை, சம அளவில் அடையாளமிட்ட கயிற்றில் எடை கட்டி இறக்குங்கள். படகின் நிழல் விழும் பக்கத்தில், காலை பத்து மணிக்கு மேல் செய்வது நல்லது. தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, செயற்கைக்கோளும் ஏறத்தாழ அதே ஆழம் வரைதான் பார்க்கும். சில நேரம் சற்றுக் கூடுதலாக. இதற்கு செக்கி தட்டு என்று பெயர். துறைமுக வாயில் தட்டு 1 மீட்டரில் மறைந்தால் அந்த மாதப் படத்தைத் தரவிறக்குவதே வீண். 4 மீட்டர் வரை தெரிந்தால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

குமரிக் கரையில் கச்சான் காற்று காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை அலையும் கலங்கலும் மேகமும் சேர்ந்தே இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மழைநீர் ஆற்றில் இறங்கி முகத்துவாரத்தைப் பழுப்பாக்கிவிடும். தேங்காய்ப்பட்டணம் போல ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டி அமைந்த துறைமுகங்களில் இது இன்னும் கூடுதல். மிச்சம் இருப்பது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. கொடுமை என்னவென்றால், மணல் அதிகம் நகர்வது கச்சான் காலத்தில். படம் தெளிவாகக் கிடைப்பது அது முடிந்த பிறகு. எனவே இந்த முறை, ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் எதை விட்டுச் சென்றது என்று பார்க்கும் கணக்கெடுப்பாகத்தான் அமையும்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் போதும், அவை இலவசம். நீலம் (அலைநீளம் 490 நானோமீட்டர்), பச்சை (560), சிவப்பு (665), அண்மை அகச்சிவப்பு (842) ஆகிய நான்கு பட்டைகளும், அதாவது தனித்தனி நிறத்தில் எடுத்த படங்களும், 10 மீட்டர் பிக்சலில் கிடைக்கும்; படத்தின் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டர் சதுரம். 443 நானோமீட்டர் பட்டை தண்ணீருக்குள் ஆழமாகப் போகும் என்றாலும் அதன் பிக்சல் 60 மீட்டர். துறைமுக அளவுக்கு உதவாது. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு மேல் வரும். குமரிக் கரையில் படம் எடுக்கும் நேரம் காலை பத்தே முக்காலை ஒட்டி. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் 30 மீட்டர் பிக்சல். பழைய ஆண்டுகளோடு ஒப்பிடலாம், வாயின் ஆழத்துக்கு ஆகாது.

10 மீட்டர் பிக்சல் என்றால் என்ன என்பதைக் கண்ணால் பாருங்கள். வாயின் அகலம் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே எட்டு பிக்சல்தான். இரு பக்கமும் சுவரின் கற்களோ அதன் நிழலோ கலந்த பிக்சல் ஒன்றிரண்டு போய்விடும். மிச்சம் நான்கைந்து. அந்த நான்கைந்தையும் வைத்துக்கொண்டு வாய்க்காலின் குறுக்குவெட்டு வரைவது என்பது கைநாட்டை உருப்பெருக்கிப் படம் வரைவது போலத்தான். காசு கொடுத்தால் 2 மீட்டர் பிக்சலில் பிளேயடீஸ், வேர்ல்ட்வியூ-2 படங்கள் கிடைக்கும். ஆனால் அந்தச் செலவுக்கு ஒரு நாள் படகு சர்வே ஆகிவிடுமா என்று முதலில் விலை கேட்டுப் பாருங்கள். சின்னத் துறைமுகத்துக்குப் பெரும்பாலும் ஆகிவிடும்.

மேகமில்லாத படம் என்பது மட்டும் போதாது. அதற்கு முந்தைய மூன்று நாட்களில் காற்று அடித்ததா, ஆற்றில் தண்ணீர் வந்ததா, தூர்வாரும் இயந்திரம் ஓடியதா என்று பாருங்கள். பிறகு மினுமினுப்பு. காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால், செயற்கைக்கோள் எடுக்கும் படப்பட்டையின் கிழக்குப் பாதியில் கடல் மேற்பரப்பு கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும். உங்கள் துறைமுகம் ஒரு பாதையில் கிழக்கு ஓரத்திலும் அடுத்த பாதையில் மேற்கு ஓரத்திலும் விழுந்தால், மேற்கு ஓரத்தில் விழும் நாளை எடுங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் ஜனவரியில் இந்தத் தொல்லை குறைவு. சூரியன் தலைக்கு மேல் வரும் ஏப்ரலில் மிக அதிகம்.

எண்ணைச் சரிசெய்தல்

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவார்கள். சென்டினல்-2 கோப்பில் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு முழு எண் இருக்கும். அதை 10,000 ஆல் வகுத்தால் எதிரொளிப்பு, அதாவது விழுந்த ஒளியில் திரும்பி வரும் பங்கு, கிடைக்கும் என்று பழைய வழிகாட்டிகள் எல்லாம் சொல்லும். 2022 ஜனவரி 25 முதல் அந்த எண்ணோடு 1,000 கூட்டியே வெளியிடுகிறார்கள். முதலில் 1,000-ஐக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். 1,300 என்றிருந்தால் எதிரொளிப்பு 0.03, கழிக்க மறந்தால் 0.13. வயல்வெளியில் இந்தப் பிழை கண்ணில் படாமல் போகலாம். கருமையான கடலில் கணக்கே தலைகீழாகும். பழைய படங்களையும் மறுபடி பதப்படுத்தி இதே முறையில் வெளியிட்டிருக்கிறார்கள். எனவே தேதியை மட்டும் நம்பாமல், கோப்போடு வரும் விவரக் குறிப்பில் இந்தக் கூட்டல் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே பதப்படுத்த உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் "ஹார்மனைஸ்டு" என்ற தொகுப்பை எடுத்தால் இந்த வேலையை அதுவே முடித்திருக்கும்.

அடுத்தது வளிமண்டலத் திருத்தம். செயற்கைக்கோள் பார்க்கும் நீல ஒளியில் பெரும்பகுதி கடலிலிருந்து வருவதே இல்லை, காற்று சிதறடித்தது. இந்தத் திருத்தம் செய்தே ஆயத்தமாகக் கிடைக்கும் இரண்டாம் நிலைப் படங்கள் நிலத்துக்காகச் செய்யப்பட்டவை. கடலில் அவை தடுமாறும். திருத்தம் செய்யாத முதல் நிலைப் படத்தை எடுத்து, நீர்ப்பரப்புகளுக்கென்றே பெல்ஜியத்தில் உருவாக்கிய அகோலைட் என்ற இலவச மென்பொருளில் போடுங்கள். அது கொடுக்கும் விளைவு இரண்டு வகை: நீரின் எதிரொளிப்பு ஒன்று, அதை பை என்ற எண்ணால், அதாவது 3.14 ஆல், வகுத்தது இன்னொன்று. எதை எடுத்தாலும் சரி. ஒரு படத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு வேறொன்று என்று மட்டும் கலக்க வேண்டாம்.

பிறகு நிலம், படகு, நுரை, மேகநிழல் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தண்ணீரில் விடை பூஜ்யத்துக்கு மேல் வரும். வரிசையாகக் கட்டிப்போட்ட விசைப்படகுகள் இந்த வடிகட்டியில் பாதி தப்பிவிடும். படகு கட்டும் தளத்தைச் சுற்றி 20 மீட்டரைக் கையாலேயே வெட்டி எறிவது நல்லது. மினுமினுப்பு இருந்தால், ஆழ்கடல் பகுதி ஒன்றில் அண்மை அகச்சிவப்புக்கும் நீலம், பச்சைக்கும் உள்ள உறவைக் கண்டு, அந்த விகிதத்தில் கழிப்பது வழக்கம். இதில் இரண்டு கண்ணிகள். சென்டினல்-2 எல்லாப் பட்டைகளையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. நீலத்துக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் கால் விநாடி இடைவெளி. அதற்குள் அலை நகர்ந்திருக்கும். பிக்சலுக்குப் பிக்சல் கழித்தால் சில இடத்தில் கூடும், சில இடத்தில் குறையும். இரண்டாவது, ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழத்திலும் கலங்கல் நீரிலும் அண்மை அகச்சிவப்பு தரையிலிருந்தோ சேற்றிலிருந்தோ வருகிறது, மினுமினுப்பிலிருந்து அல்ல. அதைக் கழித்தால் மணல்திட்டு பள்ளம் ஆகிவிடும். மினுமினுப்பு இல்லாத படம் ஒன்று கிடைக்கும் வரை காத்திருப்பதே உத்தமம்.

சூத்திரம், ஒரு கணக்கோடு

2003-இல் ஸ்டம்ப் என்பவரும் உடன் இருந்தவர்களும் வெளியிட்ட விகித முறைதான் இன்றைக்கும் பரவலாகப் புழங்குகிறது. நீல எதிரொளிப்பை 1,000 ஆல் பெருக்கி இயல்மடக்கை (கணிப்பானில் ln) எடுங்கள். பச்சைக்கும் அப்படியே. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். அந்த விகிதத்தை ஓர் எண்ணால் பெருக்கி, இன்னோர் எண்ணைக் கழித்தால் ஆழம். இரண்டு எண்களும் உங்கள் இடத்தில் படகில் அளந்த ஆழத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியவை. வேறு ஊரிலிருந்து இரவல் வாங்கக் கூடாது.

எண் போட்டுப் பார்ப்போம். ஒரு பிக்சலில் நீலம் 0.045, பச்சை 0.050, படகில் அளந்த ஆழம் 1.5 மீட்டர். 45-இன் இயல்மடக்கை 3.807, 50-இன்னது 3.912, விகிதம் 0.973. இன்னொரு பிக்சலில் நீலம் 0.030, பச்சை 0.020, ஆழம் 8 மீட்டர். 3.401 வகுத்தல் 2.996, விகிதம் 1.135. விகிதத்தில் 0.162 கூடும்போது ஆழம் 6.5 மீட்டர் கூடியிருக்கிறது; பெருக்க வேண்டிய எண் சுமார் 40.1, கழிக்க வேண்டியது 37.5. நிஜத்தில் இரண்டு புள்ளிக்குப் பதில் நூறு புள்ளிகளுக்கு நடுவே கோடு போடுவோம், அவ்வளவுதான். 1,000-ஐக் கழிக்க மறந்த அதே இரண்டு பிக்சல்களில் விகித வேறுபாடு 0.162-இலிருந்து 0.02-ஐ ஒட்டிச் சுருங்கிவிடும். ஆழம் முழுக்க அந்த மெல்லிய கீற்றுக்குள் நெருக்கியடிக்கும்.

இப்போது அந்த 8 மீட்டர் பிக்சலைக் கொஞ்சம் சீண்டிப் பாருங்கள். வளிமண்டலத் திருத்தத்தில் சிறு பிழை, நீலம் 0.030-க்குப் பதில் 0.031 என்று வந்துவிட்டது. ஆழம் 44 செ.மீ. கூடிவிடும். எதிரொளிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழைக்கு ஏறத்தாழ அரை மீட்டர். இன்னொன்று: விசைப்படகு ஒன்று சேற்றைக் கிளறிவிட்டுப் போனதால் பச்சை 0.020-இலிருந்து 0.022 ஆகிறது. ஆழம் 8-லிருந்து 6.6 மீட்டராகக் குறைந்துவிடும். இல்லாத திட்டு ஒன்று வரைபடத்தில் முளைத்துவிடும். கலங்கல் எப்போதும் ஆழத்தைக் குறைத்துக் காட்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. அதையே ஆயுதமாக்கலாம்: ஜனவரி, பிப்ரவரியில் கிடைக்கும் ஐந்தாறு படங்களுக்குத் தனித்தனியே விகிதம் போட்டு, ஒவ்வொரு பிக்சலிலும் உயர்ந்த மதிப்பை எடுத்தால் அது கலங்கல் குறைந்த நாளின் மதிப்பாக இருக்கும். மிக உயர்ந்ததை அப்படியே எடுத்தால் விடுபட்ட மேகநிழலோ மினுமினுப்புத் திருத்தத்தின் மிச்சமோ உள்ளே வந்துவிடலாம். மேலிருந்து இரண்டாவதை எடுப்பது பாதுகாப்பு. இரண்டு மாதத்துக்கு மேல் படங்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள், அதற்குள் மணலே இடம் மாறியிருக்கும்.

மூன்று நான்கு மீட்டருக்குள் உள்ள இடங்களில் பச்சைக்குப் பதில் சிவப்பைப் போட்டு விகிதம் எடுத்தால் கலங்கலைச் சற்றுத் தாங்கும், ஆழ வேறுபாடும் கூர்மையாகத் தெரியும். முகத்துவாரத் திட்டு இந்த ஆழத்தில்தான் இருக்கும் என்பதால், நம் வேலைக்குச் சிவப்பு விகிதமே முக்கியம். ஐந்து மீட்டருக்கு அப்பால் பச்சைக்கு மாறிக்கொள்ளலாம்.

எதிரொளிப்பு 0.001-க்குக் கீழே போன பிக்சல்களை மறைத்துவிடுங்கள். அங்கே மடக்கை பூஜ்யத்தையோ அதற்குக் கீழேயோ தொட்டு, 300 மீட்டர் ஆழம் என்றெல்லாம் விடை வரும்.

அளவீடு இல்லாமல் ஆழம் இல்லை

எக்கோ சவுண்டருக்குப் பணம் இல்லாததால்தானே இந்த வழிக்கு வந்தோம் என்று கேட்கலாம். மாதாமாதம் வேண்டாம்; ஆண்டுக்கு ஒரு நாள் வேண்டும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைக் கற்றை சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் உள்ள ஒரு ஃபைபர் படகு போதும். செயற்கைக்கோள் வரும் நாளிலேயே, இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்குள், 20 மீட்டர் இடைவெளியில் கோடு கோடாக ஓட்டுங்கள். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் பத்து பதினைந்து பிக்சலாவது கிடைக்க வேண்டும். எல்லாப் புள்ளியும் 3 மீட்டரில் குவிந்தால் 7 மீட்டருக்குக் கோடு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

கருவியில் ஒலிவேகம் 1,500 என்று வைத்திருப்பார்கள். நம் பக்கத்து வெதுவெதுப்பான உப்புநீரில் அது விநாடிக்கு 1,540 மீட்டரை ஒட்டி இருக்கும். திருத்தாவிட்டால் 10 மீட்டரை 9.74 என்று காட்டும். இதைச் சரிபார்க்க ஓர் இரும்புத் தட்டை 2, 4, 6 மீட்டரில் கயிற்றில் இறக்கி, கருவி அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உணர்கருவி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் டேப் வைத்து அளந்து சேர்க்க வேண்டும். ஃபைபர் படகில் ஆள் இடம் மாறி உட்கார்ந்தாலே அது சில சென்டிமீட்டர் மாறும். கருவியே இல்லாதவர்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் அளக்கலாம், தவறில்லை. ஆனால் "மூணு பாகம்" என்று சொன்னதை அப்படியே மீட்டராக்கிக் கணக்கில் போடாதீர்கள். பாகம் என்பது கையை விரித்த அளவு. ஆளுக்கு ஆள் மாறும். கயிற்றில் டேப் வைத்து அடையாளம் போடுங்கள்.

ஒரே பிக்சலுக்குள் விழுந்த பத்து அளவீடுகளைச் சராசரியாக்கி ஒன்றாக எண்ணுங்கள். கோடு போடுவதற்கு ஒரு பங்கு, சரிபார்க்க ஒரு பங்கு என்று பிரிக்கும்போது சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது பயனில்லை. பக்கத்துப் பக்கத்து பிக்சல்கள் ஒன்று போலவே இருக்கும், பிழை பொய்யாகக் குறைந்து தெரியும். வடக்குப் பக்கக் கோடுகளில் பொருத்தி, தெற்குப் பக்கக் கோடுகளில் சோதியுங்கள். அப்போது வரும் பிழைதான் உண்மையான பிழை.

படகே இறக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, நாசா 2018 செப்டம்பரில் ஏவிய ஐஸ்சாட்-2. பச்சை லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி அதில் இருக்கிறது. தெளிவான நீரில் மேற்பரப்பும் தரையும் இரண்டு கோடுகளாகத் தெரியும். தண்ணீருக்குள் ஒளி மெதுவாகப் போவதால் இரண்டு கோட்டுக்கும் இடையே தெரியும் ஆழத்தை 0.75 ஆல் பெருக்க வேண்டும். 8 மீட்டர் என்று தெரிவது உண்மையில் 6. சிக்கல் என்னவென்றால் அது குறுகலான பாதையில் மட்டும் அளக்கிறது: மூன்று இணைக் கற்றைகள், இணைகளுக்கு இடையே சுமார் 3.3 கி.மீ. உங்கள் துறைமுக வாயின் மேலே அந்தப் பாதை விழுவது அதிர்ஷ்டம். ஆனால் அதே படத்தில், சில கிலோமீட்டர் தள்ளி, இதே மாதிரி மணல் தரை உள்ள இடத்தில் விழுந்தால் போதும். அங்கே பொருத்திய கோட்டை இங்கே பயன்படுத்தலாம்.

மறந்துவிடாமல் ஓதத்தை, அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை, கழிக்க வேண்டும். காலை பத்தே முக்காலுக்குத் தண்ணீர் மட்டம் வரைபட அடிமட்டத்துக்கு (கடல் வரைபடம் ஆழத்தை எண்ணத் தொடங்கும் மட்டம்) மேல் 0.6 மீட்டர் இருந்தால், படத்தில் கண்ட 3 மீட்டர் என்பது வரைபடத்தில் 2.4. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் அருகிலுள்ள துறைமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். நம் கரையில் ஓதம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும் என்பதால் இதை அலட்சியமாக விட்டுவிடுவார்கள். திட்டின் மேல் இருப்பதே 2 மீட்டர் தண்ணீர் எனும்போது 60 செ.மீ. சின்ன விஷயம் அல்ல.

எங்கே ஏமாற்றும்

மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மணல் கருப்பு. இல்மனைட் போன்ற கனிமங்கள் கலந்தது. இந்தக் கருமணல் கடலுக்குள்ளும் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. வெளிர் மணலைவிடக் குறைவாக ஒளியைத் திருப்புவதால் படத்தில் அந்த இடம் ஆழம் கூடியதாகத் தோன்றும். விகித முறை தரையின் நிறத்தை ஓரளவு சமாளிக்கும் என்பது உண்மை, முழுக்கச் சமாளிக்காது. பாறைப் பார், பாசி படர்ந்த கல், பாக் விரிகுடாப் பக்கம் என்றால் கடற்புல், எல்லாமே இப்படித்தான். ஆழமில்லாத இடம் ஆழமாகத் தெரிவது, ஆழமான இடம் ஆழமில்லாமல் தெரிவதைவிடப் பல மடங்கு ஆபத்து. அளவீட்டுக் கோடுகளைக் கருமணல் பட்டையின் மேலும் வெளிர் மணலின் மேலும் ஓட்டி, இரண்டுக்கும் தனித்தனிக் கோடு பொருத்திப் பாருங்கள்.

அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளே நிலைமை இன்னும் மோசம். படகுகள் கிளறும் சேறு, தளத்திலிருந்து வழியும் கழிவுநீர், டீசல் படலம், ஒளியைத் திருப்பாத கருஞ்சேற்றுத் தரை, பக்கத்துக் கான்கிரீட் தளத்திலிருந்து சிதறிவரும் வெளிச்சம். இவற்றுக்கு நடுவே வரும் எண்ணை ஆழம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பகுதியை வரைபடத்தில் சாம்பல் நிறமாக விட்டுவிடுவதுதான் நேர்மை. ஹூக்ளி முகத்துவாரம் போன்ற வண்டல் நீரில் துறைமுகத்துக்கு வெளியேகூட இந்த முறை எடுபடாது.

கலங்கலான நாளில் நுரை உதவும்

நிறத்தை நம்ப முடியாதபோது அலையைப் பார்க்கலாம். அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் உடையும். அதன் உயரத்தை 0.78 ஆல் வகுத்தால் உடையும் இடத்தின் ஆழம் தோராயமாகக் கிடைக்கும். 1.2 மீட்டர் அலை சுமார் 1.5 மீட்டர் ஆழத்தில் உடைகிறது. மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேகம் விலகிய பத்து இருபது படங்களை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை தடவை நுரை இருந்தது என்று எண்ணுங்கள். அடிக்கடி வெண்மையாகும் இடம்தான் திட்டின் முதுகு. தண்ணீர் எவ்வளவு பழுப்பாக இருந்தாலும் நுரை வெள்ளைதான். சூத்திரம், திருத்தம் ஏதும் தேவைப்படாத இந்த எளிய வேலை, முகத்துவாரத் திட்டு வாயை நெருங்குகிறதா விலகுகிறதா என்பதை நிற விகிதத்தைவிடத் தெளிவாகக் காட்டுவதுண்டு. ஒரே எச்சரிக்கை: படங்கள் ஒன்றுக்கொன்று ஒரு பிக்சல் வரை தள்ளியிருக்கலாம். ஒவ்வொன்றையும் சுவரின் முனையை வைத்து ஒட்டிய பிறகே எண்ணத் தொடங்குங்கள்.

அலைநீளத்தைக்கொண்டு ஆழம் காணும் முறையும் உண்டு. பத்து விநாடி அலை ஆழ்கடலில் 156 மீட்டர் நீளம். 10 மீட்டர் ஆழத்தில் 92. 5 மீட்டரில் 68. ஆனால் ஒரு மதிப்பைப் பெறக் குறைந்தது சில நூறு மீட்டர் சதுரம் வேண்டும். வெளிக்கடல் சரிவுக்குச் சரி, 80 மீட்டர் வாய்க்காலுக்கு இல்லை.

எவ்வளவு நம்பலாம்

எல்லாம் சரியாக அமைந்த தெளிந்த நீரில், 10 மீட்டர் ஆழத்துக்குள் பிழை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை இருக்கும். சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பின் எஸ்-44 தரநிலையில், படகின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி குறைவாக உள்ள துறைமுகப் பகுதிகளுக்கான சிறப்புத் தரம் 10 மீட்டரில் 26 செ.மீ. பிழையைத்தான் அனுமதிக்கிறது, அதோடு ஒரு மீட்டர் அளவுள்ள பொருள் ஒன்று தரையில் கிடந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். 10 மீட்டர் பிக்சலில் சரிந்து விழுந்த ஒற்றைத் தடுப்புக்கல் தெரிய வாய்ப்பே இல்லை. கடல் வரைபடங்களில் இப்படிப் பெறும் ஆழங்களுக்குப் பெரும்பாலும் சி என்ற நம்பகத் தரம்தான் தருவார்கள். 10 மீட்டரில் அது ஏற்றுக்கொள்ளும் பிழை 2.5 மீட்டர். படகோட்டிக்கு இந்த வரைபடத்தைக் கொடுக்கவே கூடாது என்பதற்கு இந்த எண்களே போதும்.

தூர்வாரும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கணக்கிடவும் கூடாது. 300 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம் உள்ள வாய்க்காலில் அரை மீட்டர் பிழை என்பது 12,000 கன மீட்டர் மணல். ஒரு டிப்பருக்கு 10 கன மீட்டர் என்றால் 1,200 நடை. அங்குமிங்கும் சிதறும் பிழை பரப்பில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று சிலர் வாதிடுவார்கள்; சரிதான், ஆனால் கலங்கலால் வரும் பிழை ஒரே பக்கமாகச் சாய்வது, அது அடித்துக்கொள்ளாது. முன்னளவு பின்னளவு இரண்டும் சவுண்டரில்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் படம் பயன்படும் இடம் அந்தச் சவுண்டர் சர்வேக்கு முந்தைய நாள். திட்டின் முதுகு, அதன் சரிவு, கடந்த ஆண்டிலிருந்து நகர்ந்த திசை இவ்வளவும் தெரிந்துவிட்டால், அளவீட்டுக் கோடுகளைத் திட்டுக்குக் குறுக்கே 10 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கியும், மாற்றமில்லாத வெளிப்பகுதியில் 50 மீட்டருக்கு ஒன்றாக விட்டும் திட்டமிடலாம்; இரண்டு நாள் படகு வாடகை ஒரு நாளில் முடியும். அந்த வரைபடத்தின் மூலையில் படம் எடுத்த தேதி, நேரம், கழித்த ஓதம், சோதனைக் கோடுகளில் வந்த பிழை ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் தனித்தனியாக, தட்டு மறைந்த ஆழம், "கப்பலோட்டத்துக்கு அல்ல" என்ற வரி ஆகியவற்றை எழுதிவிட்டுத்தான் வெளியே கொடுங்கள். எழுதாமல் கொடுத்தால், வண்ணம் தீட்டிய படம் என்பதற்காகவே அதை ஒருவர் படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் ஒட்டிவைத்துக்கொள்வார்.